அம்மாவுக்குக் கட்டிய பச்சைப் பட்டை

மார்ச் 4, செவ்வாய்

வெளிநாட்டு நர்ஸ் தேர்வு வகுப்பில் வினீத் சார் இன்று ‘ட்ரயாஜ்’ என்ற சொல்லின் கதையைச் சொன்னார். பிரெஞ்சில் பிரித்தெடுப்பது என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் கம்பளிக்கும் பிறகு காப்பிக்கொட்டைக்கும்தான் சொன்னார்களாம். உடைந்த மட்டக் கொட்டைக்கே அது பெயராகவும் இருந்ததாம். முதல் உலகப்போரில்தான் காயம்பட்ட மனிதர்களுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் காஷுவாலிட்டி என்கிற அவசரப் பிரிவு வாசலில் நின்று, உடனே பார்க்கவேண்டியவருக்குச் சிவப்பு, அடுத்தவருக்கு மஞ்சள், காத்திருக்கக்கூடியவருக்குப் பச்சை என்று பட்டை கட்டுகிறேனே, அந்த வேலை.

அம்மாவிடம் சொன்னேன். குன்னத்துகால் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் இருபத்தாறு வருடமாகப் பருப்பைத் தரம் பிரிக்கிறவள். “அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வேலையாக்கும். எனக்க பருப்பு மறுபேச்சு பேசாது மக்கா, அவ்வளவுதான்” என்று சிரித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

படிக்கவில்லை. களைப்பு.

மார்ச் 13, வியாழன்

பாறசாலையில் இரண்டு பஸ் மோதி, பதினான்கு பேரை ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மா, வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் தனியாக ஆட்டோவில். தாடை வலி, வியர்வை. “வாயுவாக்கும். மொதல்ல அவங்களப் பாரு.”

பச்சை கட்டினேன்.

வேறு யார் இப்படி வந்திருந்தாலும் சிவப்புதான். தெரியும் எனக்கு. சொந்தக்காரியை முன்னால் விட்டாள் என்று பேசுவார்கள் எனப் பயந்தேனா? நம்ம அம்மாதானே, பொறுத்துக்கொள்வாள் என்றா? ஒன்றேமுக்கால் மணி நேரம் பெஞ்சில் இருந்தாள். பிறகு சரிந்தாள். மாரடைப்பு.

மார்ச் 15, சனி

ஐசியூவில் கண் திறந்ததும் அம்மா கேட்டாள்: “பஸ்ஸுல அடிபட்டவங்களுக்கு எப்பிடி உண்டு?” — ஏன் என்னத் திட்ட மாட்டேங்கா? ஒரு வார்த்த திட்டேன் அம்மா.

மார்ச் 16, ஞாயிறு

காலை 6.10. அம்மா போயிட்டா.

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்த பதினொரு பேருக்கும் சிவப்பு கட்டினேன், நகச்சுற்றோடு வந்தவருக்கும். தலைமை நர்ஸ் அனகா தனியே கூப்பிட்டார். “எல்லாருக்கும் செவப்புன்னா நீ எதுக்குட்டி இங்க நிக்குத?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வினீத் சார் போன் செய்தார். எடுக்கவில்லை. தேர்வு வேண்டாம்.

ஏப்ரல் 21, திங்கள்

டோக்கன் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். வந்த வரிசையில் எண் கொடுத்தால் போதும். இன்று ஒரு பெண் தன் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். “கொஞ்சம் முன்னால விடுங்க சேச்சி, அம்மாவுக்கு வய்ய, நிக்க முடியல்ல.”

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுபத்திரண்டாம் எண் கொடுத்தேன்.