பின்னால் நிற்பவர்

இத்தாலி, நவம்பர் 1944

அன்பே,

நம் ஹம்ஃப்ரி உயிரோடு இருக்கிறான். இன்று மதியம் ஆற்றின் அக்கரையிலிருந்து கம்பியில்லாக் கருவியில் அவன் குரலே வந்ததாக எங்கள் தகவல் அதிகாரி சொன்னார். அதன்பின் கருவி பேசவில்லை.

ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்பும் சில அதிகாரிகளைப் பின்னால் நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். போனவர்கள் திரும்பாவிட்டால் படையை மறுபடி கட்ட ஆள் வேண்டும். 1916இல் பிரான்சில் என்னை அப்படி நிறுத்திவைத்தார்கள். அதனால்தான் நீ மணக்க நான் மிஞ்சினேன். இம்முறை ஆளைத் தேர்வது தளபதியான என் வேலை. முறைப்படி நம் மகன்தான் நின்றிருக்க வேண்டும்.

தாக்குதலுக்கு முந்தின நாள் அவன் என் கூடாரத்துக்கு வந்து விறைப்பாக வணக்கம் வைத்தான்.

"சார், இது என் முறைதான். ஆனா பென்ரோஸுக்கு இப்பத்தான் குழந்தை பொறந்திருக்கு. எனக்குப் பதிலா அவன நிறுத்திவையுங்க."

"உங்கம்மாவுக்கு நான் என்னடா எழுதுறது?"

சிரித்துவிட்டான். "இங்க மழை பெய்யுதுன்னு எழுதுங்கப்பா. ரெண்டு போர்லயும் நீங்க வேற என்னத்த எழுதியிருக்கீங்க?"

பென்ரோஸ் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். தேநீரைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

படகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றில் தண்ணீர் இனியும் ஏறாமல் இருந்தால், நாளை விடிவதற்குள் பாலம் போட்டுவிடலாம் என்கிறார் பொறியாளர். அதன்பிறகு அக்கரையில் சிக்கியிருப்பவர்களை அழைத்துவர முடியும்.

இங்கே மழை பெய்கிறது.

உன் கணவன்