அழகான கையெழுத்தில் எழுதிய பொய்

என் அருள் ராஜாவுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நம் தெருவிலும், சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போதும், பொன்னேரி மார்க்கெட்டிலும் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. "பாவம், வயசான பொம்பள. புள்ள போன துக்கத்துல ஒண்ணும் புரியாம இருந்தாங்க. கம்பெனிக்காரன் ஏமாத்தி கையெழுத்து வாங்கினு போயிட்டான்." இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையில்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்தேன். படித்ததோடு நிற்கவில்லை. அந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை என் கையாலேயே எழுதினேன்.

பேச்சு ஊரில் நடக்கிறது. அதனால் திருத்தமும் ஊர் படிக்கும்படி அச்சிலேயே இருக்கட்டும். ஆனால் சொல்வது உனக்குத்தான்.

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் மாலை உங்கள் கம்பெனி மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். "மேடம்" என்று கூப்பிட்டார். நான் பேசிய இரண்டு வாக்கியத்திலேயே, நீங்கள் கான்வென்ட்டில் படித்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். உன்னை மண்ணில் வைத்த மூன்றாம் நாள், அருள், எனக்கு அந்தக் கேள்வி இதமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் இருந்தது இருந்ததுதான்.

அதே நேரம் உன்னோடு வேலை பார்த்த ஏழுமலை கேட் அருகே நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ் கறை. என்னைக் கையால் ஜாடை காட்டிக் கூப்பிட்டான்.

"ஆயா, அவங்க எது குடுத்தாலும் கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடாத. மிஷின் பெல்ட்டு மேல மூடியே கிடையாது ஆயா, மாசக்கணக்கா கிடையாது. ஓடினு இருக்கும்போதே தொடைக்கச் சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன்."

"முதலில் என்னை ஆயா என்று கூப்பிடுவதை நிறுத்து," என்றேன். "வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். அவர்கள் போனபிறகு வா."

"சர்தாம்மா. ஷூக்காரரு பேசி முடிக்கட்டும். நம்மளுது எப்பவும் அப்புறந்தானே" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. நானும் ஆள் அனுப்பவில்லை.

மேனேஜர் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். உங்களைப் போன்ற குடும்பம் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று ஏறி இறங்க வேண்டாம், இது ஒரு சம்பிரதாயம்தான் என்றார். அதில் மூன்று செய்திகள் இருந்தன. எந்திரத்தை நிறுத்தாமல் கை வைத்த உன்னுடைய கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது. எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை. கம்பெனியிடம் எந்த உரிமையும் கோர மாட்டோம்.

தாளைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. எதற்கு எரிச்சல் என்று நினைக்கிறாய்? அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத்தான். பள்ளி ஆபீசில் முப்பது வருடம் கடிதம் எழுதியவள் நான். அடுத்தவர் எழுதிய எதிலும் என் பெயரைப் போட்டவள் இல்லை. தெருவில் யார் மனு கொண்டுவந்தாலும் "இது கடிதமே இல்லை" என்று ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுப்பேன். அன்றும் அதையேதான் செய்தேன். அலமாரியிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்தேன், பேனாவில் மை ஊற்றினேன். அந்த மனிதர் பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியைக் குடித்தபடி காத்திருந்தார். நான் அவருடைய பொய்யை நல்ல ஆங்கிலத்தில், ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

உள் அறையில் உன் மனைவி தேவி, மெர்சியை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தாள். "நாங்கள்" என்று எழுதினேனே, அந்த "நாங்கள்" யார்? அவளை நான் கூப்பிடவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்த நிலையில் தொந்தரவு வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை அவள் "வேணாம் அத்தை" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமும் உள்ளே இருந்திருக்குமோ?

இன்னும் ஒன்று. இது எல்லாவற்றையும்விட மோசம். "கவனக்குறைவு" என்ற சொல்லை எழுதும்போது என் பேனா தயங்கவே இல்லை. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ரேங்க் கார்டில் இருந்த சொல் அது. டிப்ளமோவை நீ பாதியில் விட்டபோது நான் சொன்ன சொல். வீட்டுக்கு யாராவது வந்தால், மகன் "இன்ஜினியரிங் லைனில்" இருக்கிறான் என்று சொல்வேன். நீ யூனிபார்மோடு உள்ளே வரும்போது என் முகம் எப்படி மாறும் என்று உனக்குத் தெரியும். அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததை நான் நம்பினேன், அருள். உன்னைத் தெரிந்தவள் என்ற திமிரில் நம்பினேன்.

தேவிக்கு இது தெரியவந்தது கும்மிடிப்பூண்டி போலீஸ் ஸ்டேஷனில். உன் சாவு பற்றிய வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப் போயிருக்கிறாள். "உன் மாமியாரே எழுதிக் குடுத்துட்டாங்களேம்மா" என்று நகலைக் காட்டியிருக்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளால் படிக்க முடியவில்லை. யார் எழுதியது என்று மட்டும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சமையலறை டப்பாக்களில் நான் ஒட்டிவைத்திருக்கும் ஆங்கிலப் பெயர்களைத் தினமும் பார்ப்பவள் அல்லவா?

வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. மெர்சியின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்குது அத்தை," என்றாள். "ஸ்டேஷன்ல எல்லாரும் சொன்னாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானும் கோணலா ஒரு கையெழுத்து போட்டிருப்பேன். இல்லாட்டி கிழிச்சிப் போட்டிருப்பேன். கேக்கலியே நீங்க."

புதுவாயலில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் ஆகப்போகிறது. போன் செய்தால் மெர்சியிடம் கொடுப்பாள். குழந்தை "ஆயா, நாஷ்டா துன்னியா?" என்று கேட்கும். அவளை நான் திருத்துவதில்லை.

ஆனால் தேவி சும்மா இருக்கவில்லை. ஏழுமலைதான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், பொன்னேரி கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு. பெண்களுக்கு அங்கே வருமானம்கூடக் கேட்பதில்லையாம். அங்கே ஒரு பெண் வக்கீலை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். உனக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அந்தக் காப்பீட்டு வழியாகவே குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வந்திருக்குமாம். உன்னைக் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டர் உன் பெயரைச் சேர்க்கவே இல்லை. அதனால் தேவி தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டிருக்கிறாள், இரண்டு வருடக் கெடுவுக்குள்ளேயே. கான்ட்ராக்டர் மீது மட்டுமல்ல, கம்பெனி மீதும். யார் மீதும் தவறில்லை என்று வழக்கை முடித்துப் போலீஸ் கொடுத்த அறிக்கையை எதிர்த்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நிற்கிறாள். பத்தாவது வரை படித்த பெண். நான் எழுதிக் கொடுத்ததை அழிப்பதற்காக இத்தனை படி ஏறுகிறாள்.

போன மாதம் ஏழுமலை வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். வாரிசுச் சான்றிதழுக்கு உன் பிறப்புச் சான்று வேண்டுமாம். தேட உட்கார்ந்தேன். நான் எந்தத் தாளையும் எறிவதில்லை என்று உனக்குத் தெரியுமே. "இதர" என்று எழுதிய கோப்பில் ஒரு அரைத்தாள் இருந்தது.

உனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நீ போவதற்கு நான்கு மாதம் முன்பு. "அம்மா, மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன், கொஞ்சம் பாத்துக் குடேன்" என்று வந்தாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தாள் முழுக்க வட்டம் போட்டேன். "இதை இப்படியே கொடுத்தால் என் மானம் போகும். ஒழுங்காக எழுதிக்கொண்டு வா" என்றேன். நீ சிரித்தாய். "மேனேஜரு இன்னா மார்க்கா போடப் போறாரு?" என்று தாளை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாய். மறுபடி எழுதவில்லை.

நீ எப்படி எழுதியிருக்கிறாய் என்று மட்டும்தான் அன்று பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று போன மாதம்தான் படித்தேன்.

"ஐயா, மூணாம் நம்பர் பெல்ட்டுக்கு மூடி கழட்டி வச்சது இன்னும் மாட்டலை. சட்டை இழுக்குது. யாருக்காவது கை போய்டும். தயவு செஞ்சி மாட்டி தரவும். அருள், மெயின்டனன்ஸ்."

மேலே தேதி. கடிதம் என்றால் வலது மூலையில் தேதி இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்லித்தந்தது. அதைச் சரியாகப் போட்டிருந்தாய். அந்த ஒரு இடத்தில்தான் சிவப்பு மை இல்லை.

கவனக்குறைவு யாருடையது, அருள்?

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானே தேவியின் வக்கீலைப் பார்க்கப் போனேன். சின்னப் பெண். தாளை இரண்டு முறை படித்தாள்.

"சிவப்பு மையில எழுதினது யாரும்மா?"

"நான்தான்."

அவள் தாளைத் தேவியின் கோப்பில் வைத்தாள். பிறகு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "உரிமை வேணாம்னு நீங்க எழுதினது செல்லாதும்மா. இழப்பீட்டை அப்படி எழுதி வாங்கிட முடியாது. கவனக்குறைவுன்னே வச்சுக்கிட்டாலும், உயிர் போன கேஸ்ல அதைச் சொல்லி மறுக்க முடியாது. கம்பெனிக்காரங்க பணத்தை உங்க கையில குடுத்து முடிச்சுக்கவும் முடியாது, ஆணையர்கிட்டதான் கட்டணும்" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. "அப்படியென்றால் என் கடிதத்தால் பாதகமில்லையா?"

"அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம் இருக்கு. போலீஸ் கேஸ்ல, தப்பு யாரோடதுன்னு கேட்டா, பெத்த அம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு அதைத்தான் காட்டுறாங்க. உங்க மகனோட இந்த லெட்டர் மேனேஜர் கைக்குப் போகல. ஆனாலும் மூடி இல்லன்னு தேதி போட்டு எழுதியிருக்காரு. ஏழுமலை சொல்றதுக்கு இது துணையா நிக்கும். நீங்களும் வந்து சொன்னா நல்லது. ஆனா தேவி சம்மதிக்கணும்."

விதவைத் தாய்க்கும் சட்டத்தில் ஒரு பங்கு உண்டு என்று அவள் சொன்னபோது தலை நிமிர முடியவில்லை. எனக்குள்ளதையும் மெர்சி பெயரில் போடச் சொல்லி ஆணையரிடம் கேட்க முடியுமா என்றேன். கேட்கலாம் என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னார். "கண்ணு சரியா தெரியல, சொல்லச் சொல்ல எழுதிட்டேன்னு சொல்லிடுங்களேன். ஊரே அப்படித்தானே பேசுது." சுலபமான வழிதான். என் பெயரும் கெடாது. ஆனால் அதைச் சொன்னால் நான் எழுதும் இரண்டாவது பொய் ஆகிவிடும். முதல் பொய்க்கே நீ சுமக்கக் கூடாத பழியைச் சுமக்கிறாய்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். தேவி சம்மதித்தால் நீதிமன்றத்தில் நின்று உள்ளதைச் சொல்வேன். என் மகன் கவனக்குறைவானவன் என்று யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல் எழுதினேன் என்பேன். எச்சரித்துச் சொன்னவன் அவன், படிக்காமல் திருத்தியவள் நான் என்பேன். சிவப்பு வட்டங்களோடு அந்தத் தாளை எல்லோரும் பார்க்கட்டும்.

ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, வுடு ஆயா" என்றான். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

இனி ஒரு வரி தேவிக்கு. இது அச்சாகும் முன்பே ஏழுமலை கையில் உனக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்புகிறேன் அம்மா, இந்த முறை தமிழில். நீ சம்மதித்தால்தான் இது அச்சுக்குப் போகும். சென்ற முறை உன்னைக் கேட்கவில்லை. இந்த முறை கேட்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு நான் உன்னோடு வரலாமா, கூடாதா? போனில் வேண்டாம், மெர்சியிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதி அனுப்பு. நீ எப்படி எழுதினாலும், என்ன எழுதினாலும், பேனாவைத் தொடாமல் படிப்பேன்.

இப்படிக்கு,
அருளின் அம்மா