சங்கு ஊதிய பிறகு

உடன்குடி
18-2-1973

செல்லத்தாயின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் மகளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று அதைத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

திருச்செந்தூருக்கு வந்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று இன்னொரு முறை சத்தியம் செய்கிறேன் என எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து வேண்டாம். ஆவணியில் செய்தது தீபாவளிவரை ஓடியது. கார்த்திகையில் செய்தது கார்த்திகையோடு போயிற்று. உங்கள் சத்தியத்தைக் கேட்டுக் கேட்டு முருகனுக்கே அலுத்திருக்கும்.

சங்கரபாண்டியன் அண்ணன் நேற்றுச் சொன்னது இது: "ஏளா, சித்திரை கழியட்டும். அதுக்குள்ள அவரு ஒரு சொட்டு தொட்டாருன்னு காதுல விழுந்தாலும் போதும். பெரியவங்கள வச்சு ஒங்க ரெண்டு பேரையும் பிரிச்சு விட்டுருதேன்." நானும் தலையாட்டிவிட்டேன். வருத்தப்படாதீர்கள், எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

சத்தியத்துக்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். சாயங்காலம் துறைமுகத்தில் சங்கு ஊதுகிறதே, அதற்குப் பிறகு எங்கே போகிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் குடி அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

அருணாசலவடிவு

தூத்துக்குடி
4-3-1973

அன்புள்ள வடிவுக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன். சிரிக்காதே.

சங்கு ஊதினால் என்னோடு வேலை பார்க்கும் ராமர் கேட்டில் வந்து நிற்பான். நாள் முழுக்க உப்பு மூட்டைகளுக்குக் கணக்கு எழுதிவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் அவனோடு நேரே சாராயக் கடைக்குத்தான். அவனிடம் வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் அவனுடன் நடந்துகொண்டிருந்தேன். அதனால் இப்போது சொல்வதை விட்டுவிட்டேன். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி வழியாகப் பின்வாசலில் வெளியே வந்துவிடுகிறேன்.

வெளியே வந்ததும் கிருபை அக்காவின் இட்லிக் கடை. அங்கே உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். இத்தனை வருஷமாக அந்த நேரத்து வேதனையைத் தாகம் என்று நினைத்திருந்தேன், பாதிக்கு மேல் அது பசி என்று இப்போதுதான் தெரிகிறது. சாப்பிட்டால் கொஞ்சம் அடங்குகிறது. ஆனாலும் கை நடுங்கும். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு அக்கா, "சும்மா உக்காந்தா அது அப்படித்தான் ஆடும். இந்தச் சட்டியத் தேயும்" என்று சாம்பலையும் தேங்காய் நாரையும் நீட்டினார். அன்றிலிருந்து கடைப் பாத்திரம் முழுவதும் நான்தான் தேய்க்கிறேன். முடிக்கும்போது இருட்டிவிடுகிறது, ராமர் கூட்டமும் கலைந்துவிடுகிறது. கை ஓய்ந்து போய்த் தூங்குகிறேன்.

ஆபீசில் எனக்குச் சட்டி கிளார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். செல்லத்தாயிடம் இதைச் சொல்லாதே.

சொரிமுத்து

உடன்குடி
13-3-1973

செல்லத்தாயின் அப்பாவுக்கு,

சிரிக்காதே என்றீர்கள், முடியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் குடித்த தம்ளரை எடுத்து முற்றத்தில் வைத்தவரில்லை நீங்கள். உங்கள் மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. "அப்பாவுக்குச் சட்டி தேய்க்கத் தெரியாதே" என்கிறாள்.

அடியில் கரி இருந்தால் புளியைப் போட்டு ஊற வையுங்கள். நகத்தால் சுரண்டாதீர்கள்.

ஒவ்வொரு வாரமும் எழுதுங்கள். நான் பதில் போடாவிட்டாலும் எழுதுங்கள்.

வடிவு

தூத்துக்குடி
23-4-1973

அன்புள்ள வடிவுக்கு,

இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியப் போவதில்லை. சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கும் தெரியாது.

பெரிய வெள்ளிக்கு முன்னாலேயே கிருபை அக்கா ஈஸ்டருக்காக ஆலந்தலையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கடை பூட்டு. எங்களுக்கும் லீவு. வெள்ளியும் சனியும் வீட்டிலிருந்த பாத்திரங்களையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். நேற்று அதுவும் முடியவில்லை. வெயிலோடு ஊருக்கு வெளியே நடந்து, பனங்காட்டில் ஒருவரிடம் பதநீர் கேட்டேன். பதநீர் என்றுதான் கேட்டேன், அதை நம்பு. ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்.

வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை. பொங்கிப் புளித்துக் கள்ளாகவே ஆகியிருந்தது. அதைத் துப்பியிருக்கலாம். துப்பவில்லை. "இன்னும் ஊத்தும்" என்று பட்டையை நீட்டினேன். முதல் பட்டையைத் தெரியாமல் குடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது நான் கேட்டு வாங்கியது.

அதோடு எழுந்து வந்துவிட்டேன். இன்று அக்கா கடை திறந்தார். வழக்கம்போலப் போனேன், சாப்பிட்டேன், தேய்த்தேன். இதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சொட்டு என்றால் முடிந்தது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். உன் முடிவு எதுவானாலும் எனக்கு எழுது.

சொரிமுத்து

தூத்துக்குடி
3-5-1973

வடிவுக்கு,

பதில் இல்லை. நீ எழுதச் சொன்னாய் என்பதற்காக எழுதுகிறேன். பின்வாசல் வழியாகத்தான் போகிறேன். பாத்திரம் தேய்க்கிறேன். புளி போட்டால் கரி போகிறது.

சொரிமுத்து

உடன்குடி
9-5-1973

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டாவது பட்டை என்று வாசித்ததும் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். பிறகு உங்களோடு மனதுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் பதில் தாமதம்.

முன்பெல்லாம் நீங்கள் குடித்ததை அடுத்தவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் இல்லை என்பீர்கள். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இந்த முறை நீங்களே சொன்னீர்கள். மறுநாள் அங்கேயே போய் உட்கார்ந்து சட்டியும் தேய்த்தீர்கள். சுண்ணாம்பு குறைந்து ஒரு நாள் பதநீர் புளித்துப் போனால் இங்கே யாரும் மரத்தை வெட்டுவதில்லை. கலயத்தைக் கழுவி, சுண்ணாம்பு தடவி, மறுபடியும் ஏறிக் கட்டுகிறார்கள். அது தினமும் உள்ள வேலை.

அண்ணனிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. "காதுல விழுந்தாத்தான்னு சொன்னேன். அந்த மனுசன் எழுதியில்லா குடுத்துட்டாரு. இனி ஒம்பாடு" என்றான். அதனால் முடிவு நான் எடுத்ததுதான்.

உங்கள் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடை பூட்டியிருக்கிற நாளில் நீங்கள் தனியாக வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு இருந்ததை நினைக்க நினைக்க என்னால் இங்கே இருக்க முடியவில்லை. கடை பூட்டுகிற நாட்களை இனி என்னிடம் விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். பஸ் வந்து சேரும் நேரமும் உங்கள் சங்கு ஊதும் நேரமும் ஒன்றுதான். எங்களை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள். பின்வாசல் வழியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எங்களுக்காகக்கூட அதை ஒரு நாள் விட வேண்டாம். விசாரித்துக்கொண்டு நாங்களே கிருபை அக்கா கடைக்கு வந்துவிடுகிறோம். நீங்கள் தேய்த்து முடிக்கும்வரை அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

உங்கள்
வடிவு