கேட்காதவளுக்குச் சொன்னது

அக்கா,

கேட்காத ஒருத்தியிடம் நாமாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? இன்று மதியத்திலிருந்து இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் உங்களுக்கு எழுத ஆரம்பித்திருக்க மாட்டேன். இறந்தவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும் என்று நம்புகிறவள் அல்ல நான். அது உங்களுக்கே தெரியும்.

உங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த நெடி மூன்று நாளாகச் சந்து தாண்டி என் சமையற்கட்டு வரை வருகிறது. சைகோனிலிருந்து சபாபதி வந்துவிட்டான். உங்கள் காரியத்துக்கு வர முடியாத பிள்ளை, எட்டு மாதம் கழித்துக் கப்பல் கிடைத்து வந்திருக்கிறான். வீட்டை விற்றுவிட்டுத் திரும்பப் போகிறானாம். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, நொத்தேர் ஆபீசில் பத்திரக் கையெழுத்து. பிரெஞ்சுக் கொடி இறங்கி வருஷங்கள் ஆகியும் பத்திரத்துக்கு மட்டும் இன்னும் நொத்தேரிடம்தான் போய் நிற்கிறோம்.

நம் தெருவில் வீடு கைமாறுகிற விதத்தை நான் உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆண்கள் தரகரோடு கூடத்தில் நின்று விலை பேசுவார்கள். அதற்குள் அவர்களோடு வந்த பெண்பிள்ளை மெல்ல வெளியே வந்து, பக்கத்து வீட்டில், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்பாள். தாகம் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பாதிச் சொம்பு காலியானதும் கேள்விகள் வரும். கிணறு கோடையில் வற்றுமா, மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்குமா, எதிர்வீட்டுக்காரர்கள் எப்படி. கடைசியில் குரல் இறங்கும். அந்த வீட்டில் யாராவது தவறியிருக்கிறார்களா, என்ன வயது, எப்படி.

எதிர்வீடு விலைக்கு வந்தபோது திருப்பட்டினத்து அம்மாள் ஒருத்தி வந்து உங்களிடம் கேட்டாள். நான் அன்று உங்கள் சமையற்கட்டில் பரீட்சைத் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல், "ரெண்டு பேரு. ஒருத்தரு வயசாகிப் போனாரு. இன்னொண்ணு அஞ்சு வயசுப் பொண்ணு, காச்சல்ல" என்றீர்கள். அவர்கள் வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒரு வருஷம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அன்று கோபம் வந்தது. நூறு வருஷத்துக் கல்லுக்கட்டு வீடுகள் நிற்கிற தெருவில் சாவு விழாத வீடு எது என்று கேட்டேன். காய்ச்சலில் ஒரு குழந்தை போனதற்குச் சுவர் என்ன செய்யும் என்றும் கேட்டேன். நீங்கள் கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கிவிட்டுச் சொன்னீர்கள்: "ஒனக்கு அது வேண்டாத சேதி. அவளுக்கு அது வீட்டோட சேதி. அவ வீட்டத்தானே வாங்க வந்தா, ஒன் படிப்பையா வாங்க வந்தா?"

அப்புறம் உங்கள் சட்டத்தையும் சொன்னீர்கள். "கேட்டா மறைக்காதே. கேக்கலைன்னா வாயத் தொறக்காதே. அவ்வளவுதான்."

சென்னையில் நான்கு வருஷம் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவளுக்கு அதில் மறுப்புச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சுத்தமான சட்டம் என்றுகூடத் தோன்றியது.

உங்கள் வீட்டுக்காரர் அவிட்ட நட்சத்திரத்தில் போனார். அடைப்பு என்றார்கள். உடலை வாசல் வழியே எடுக்கக் கூடாதென்று கொத்தனாரை அழைத்து, சந்துப் பக்கச் சுவரை ஆள் உயரத்துக்குத் திறந்து, அந்த வழியாகக் கொண்டுபோனார்கள். பிறகு அடைத்துப் பூசியது பழைய சுவரோடு ஒட்டவே இல்லை. என் ஜன்னலுக்கு நேரே ஒரு கதவின் நிழல் மாதிரி நின்றது. பதினாறாம் நாள் முடிந்து ஒருநாள், உயிர் எந்த வழியாகப் போனதென்று யாராவது பார்த்தார்களா என்று உங்களிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் சிரித்தீர்கள். "இதையும் பரீட்சையில கேப்பியா, வாத்தியாரம்மா?" அந்த இடத்தின் மேலும் இன்று சுண்ணாம்பு ஏறிவிட்டது. வெயில் சாய்வாக விழும்போது மட்டும் விளிம்பு தெரிகிறது.

சபாபதி நேற்றுக் காலை என்னைப் பார்க்க வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுரக்குடியிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வீடு பார்க்க வருகிறார்கள், நல்ல மனிதர்கள் என்றான். பிறகு வந்த காரியத்தைச் சொன்னான்.

"சித்தி, அந்தம்மா உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க. அப்பா, அம்மா பத்திச் சொல்லுங்க, பரவால்ல. பங்கஜத்தப் பத்தி வேணாம். நீங்க இதெல்லாம் நம்பாதவங்க. நம்பாதவங்க எதுக்குச் சொல்லணும்?"

நியாயமான கேள்வி. இறந்தவர்களால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லையென்றால், அதைச் சொல்லி ஒருவருடைய வியாபாரத்தை முறிப்பது என்ன நேர்மை? கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

இன்று மதியம் அவள் வந்தாள். பெயர் தனபாக்கியம். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கலாம். வயல் வேலை செய்த கை. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். முழுச் சொம்பையும் குடித்தாள். கிணற்றைப் பற்றிக் கேட்டாள். மழையைப் பற்றிக் கேட்டாள். நான் காத்திருந்தேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

மூத்த பெண்ணுக்கு முந்தின ஐப்பசியில் பிரசவம். மழை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பெண்ணை வண்டியிலேயே பறிகொடுத்தார்கள். இப்போது இளையவள் வள்ளிக்கு ஏழாம் மாதம். அதற்காகத்தான் நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்து டவுனில் வீடு வாங்குகிறார்கள்.

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"உள் ரூமு நல்லா காத்தா இருக்கு. அதுலதான் பிரசவம் வச்சுக்கணும். எங்க ஊரு மருத்துவச்சியவே அழைச்சிட்டு வந்துடுவேன். ஆம்பள டாக்டருகிட்டப் போயி நிக்கவேண்டாம் பாருங்க. ஏதாச்சும் அவசரம்னாதான் ரெண்டு தெருவுல ஆஸ்பத்திரி இருக்கே, தூக்கிட்டு ஓடிட மாட்டோம்?"

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். யாராவது தவறினார்களா என்று கேட்கவே இல்லை.

அக்கா, அவள் கடைசியாகச் சொன்னது உங்கள் வார்த்தை. ஒரு சொல் மாறாமல் உங்கள் வார்த்தை.

உங்கள் மருமகள் பங்கஜத்துக்கு வலி எடுத்தது ஒரு புதன்கிழமை, விடிகிற நேரத்தில். மதியம் சாப்பாட்டு மணிக்கு நான் பள்ளியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தேன். மருத்துவச்சி வாசற்படியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். உள் அறையில் பங்கஜத்தின் உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "டீச்சரம்மா" என்றாள். நான் உங்களிடம், "இப்பவே கூட்டிட்டுப் போயிடலாமே அக்கா" என்றேன். நீங்கள் வெந்நீர் அண்டாவை இறக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "ஆஸ்பத்திரி எங்க போயிடப் போவுது? ரெண்டு தெரு. அவசரம்னா தூக்கிட்டு ஓடிட மாட்டோம்?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பிள்ளை பெறாதவள்; உங்கள் வீட்டு விஷயம்; நான்கு பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். இப்படிக் காரணங்கள் அன்று நிறைய இருந்தன. இரண்டு மணிக்கு எனக்கு வகுப்பு. போய் இருதயத்தின் நான்கு அறைகளைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினேன். நாலரைக்குத் திரும்பியபோது உங்கள் வாசலில் ஒரு கட்டிலைத் தலைகீழாகப் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், தூக்கிப் போவதற்கு. அது தேவைப்படவில்லை. குழந்தையும் நிற்கவில்லை.

இரண்டு தெரு என்பது தூரமே இல்லை. அதனால்தான் எல்லோரும் கடைசி நிமிஷம் வரை உட்கார்ந்திருந்தோம் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி பத்து மைல் தள்ளி இருந்திருந்தால் விடிகாலையிலேயே வண்டி கட்டியிருப்பீர்கள்.

அதன் பிறகு ஆறு வருஷம் நாம் தினமும் பேசினோம். கறிவேப்பிலை கொடுத்தீர்கள், நான் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். பங்கஜம் என்ற பெயர் மட்டும் நம் இடையில் வரவில்லை. கடைசியாக நீங்கள் படுக்கையில் இருந்தபோது, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், எந்த முகாந்திரமும் இல்லாமல் சொன்னீர்கள்.

"நீ அன்னிக்கு ஒரு தடவைதான் சொன்னே."

என்னைக் குறை சொன்னீர்களா, உங்களை நொந்துகொண்டீர்களா, தெரியாது. விளக்கம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கஞ்சியைக் கரண்டியால் எடுத்துக் கொடுத்தேன், குடித்தீர்கள். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். சபாபதி பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன்.

இருட்டிவிட்டது. இத்தோடு நிறுத்துகிறேன்.

*

மேலே உள்ளதை எழுதியது புதன்கிழமை. மறுநாள் நடந்ததை, நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் பள்ளிக்கு ஆளனுப்பி லீவு சொன்னேன். திருநள்ளாறு பஸ்ஸில் ஏறி, இறங்கி, வாய்க்கால் கரையோடு சுரக்குடிக்கு நடந்தேன். தனபாக்கியம் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வள்ளி நிழலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதுகூட இருக்காது.

"நேத்து நீங்க ஒண்ணக் கேக்கல, அதச் சொல்ல வந்தேன்" என்றேன். தனபாக்கியத்தின் கால் நின்றது.

"கேட்டா சொல்லிடுவீங்கன்னுதாங்க கேக்கல" என்றாள். "அந்த வீட்ட விட்டா ஆஸ்பத்திரி கிட்ட எங்களுக்கு வேற வீடு அமையாது. தெரியாமயே இருந்துட்டுப் போறேன்."

மகளை உள்ளே போகச் சொன்னாள். வள்ளி முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்திருக்கவில்லை. "அவங்க சொல்லட்டும்மா" என்றாள்.

சொன்னேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர், சுவர் திறந்தது. அப்புறம் நீங்கள். தனபாக்கியம் கையை வீசி, "வயசானவங்க போறதுதானே" என்றாள். பிறகு பங்கஜம். விடியலிலிருந்து நாலரை வரை நடந்ததை, மருத்துவச்சி, வெந்நீர், நான் பேசாமல் வகுப்புக்குப் போனது, எல்லாவற்றையும் மணிவாரியாகச் சொன்னேன். அறையில் ஒன்றுமில்லை, வீட்டில் ஒன்றுமில்லை, நாங்கள் காத்திருந்ததுதான் என்றேன். வள்ளியை வலி எடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றேன்.

"ஆம்பள டாக்டருல்ல" என்றாள் தனபாக்கியம்.

மறுபடியும் சொன்னேன். மருத்துவச்சி கைராசிக்காரி என்றாள். மறுபடியும் சொன்னேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என் குரல் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற குரலாகிவிட்டது. அண்டை வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நின்று கேட்டாள். சொல்லி ஓய்ந்தபோது வெட்கமாக இருந்தது. தனபாக்கியம் நெல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூத்தவளை நினைத்திருக்க வேண்டும்.

"நான் ஆஸ்பத்திரியிலயே பெத்துக்கறேன்" என்றாள் வள்ளி. "அக்கா போறேன்னு சொல்லி அழுதுச்சு. நீ மழை விடட்டும்னே."

தனபாக்கியம் சேலையில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு எழுந்து, வண்டியைக் கட்டச் சொன்னாள்.

மதியம் அவர்கள் வண்டியிலேயே மூன்று பேரும் டவுனுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா வள்ளியைப் பரிசோதித்து, பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வந்து காட்டச் சொன்னாள். பிரசவத்துக்கு டாக்டர் வருவாரா என்று தனபாக்கியம் கேட்டாள். சிக்கல் என்றால்தான் டாக்டர், மற்றபடி நான்தான் என்றாள் நர்ஸம்மா. தனபாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்பதுபோல. எனக்கே அது தெரியாது, அக்கா. நாம் யாருமே போய்க் கேட்டதில்லை.

திரும்புகிற வழியில் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தனபாக்கியம் உள் அறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல், நான்கு மூலையையும் பார்த்தாள். பிறகு சபாபதியிடம், "இந்த ரூமுல நெல்லு மூட்டைய அடுக்கிக்கறோம் தம்பி. இருவது மூட்ட புடிக்கும்ல?" என்று கேட்டாள்.

பிடிக்கும் என்றான் அவன்.

அவர்கள் வண்டியேறிப் போன பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கோபித்துக்கொள்வான் என்று நின்றேன்.

"பேரச் சொன்னீங்களா சித்தி?"

"சொன்னேன்."

"பங்கஜம்னே சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். அவன் அறைக் கதவைச் சாத்தப் போனவன், சாத்தாமல் விட்டுவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு நொத்தேர் ஆபீசுக்கு நானும் வர முடியுமா, சாட்சிக் கையெழுத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றான்.