பாக்கில்லாத வெற்றிலை

கால்பந்து கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றே பாதி ஆயுளைக் கழித்த என் அண்ணனுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அண்ணி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். நான் முழுசாக நம்பவில்லை. சாமை விளைச்சல் இந்த முறை பரவாயில்லை. ஆனால் நீ முதலில் கேட்பது சாமையை அல்ல, நம் டீமைத்தான் என்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லி முடித்ததும் உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

நீ படுக்கையில் கிடந்தபோதே பேச்சு அடிபட்டது, நினைவிருக்கிறதா? சின்ன ஊர் டீம்களை வாங்கி நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் ஜவ்வாது மலை டீமையும் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று. உன் காரியம் முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். முதலாளி ஒரு வெள்ளைக்காரர். எந்த நாடு என்று கேட்டால் ஆளுக்கொரு நாடு சொல்கிறார்கள். சொந்த ஊர் எதுவென்றே தெரியாத மனுஷனை நம்பி நம் பையன்களை எப்படி ஒப்படைப்பது?

வந்த அன்று அவர் செய்த வேலையைக் கேள். மைதானத்தில் ஊரைக் கூட்டி, வீட்டுக்கு ஒரு தட்டு நீட்டினார். தட்டில் புது பனியன், அதன்மேல் வெற்றிலை பாக்கு. நம் ஊரில் நாலு பேர் நடுவே வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். பெண் கொடுப்பதும் அப்படித்தான், ஏர்மாடு கைமாறுவதும் அப்படித்தான். விருந்தாளியின் முகம் வாடக்கூடாது என்று எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடல் தாண்டி வந்தவருக்கு நம் வெற்றிலை முறை எப்படித் தெரியும்? நம்மவன் எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். டீக்கடை பெருமாள் மேல்தான் முதல் சந்தேகம். அந்த வாரம்தான் அவன் கடைக்குப் புது நாற்காலிகள் வந்தன. பிறகு பயிற்சியாளர். காரணமே இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பஸ் கண்டக்டரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் கீழ்நோக்கித்தான். டீமின் பச்சைச் சட்டை ஆரஞ்சு ஆனது. டீமுக்கு நம் வாயில் நுழையாத பெயர் வைத்தார்கள். நம் பையன்கள் ஓரத்தில் உட்கார, எங்கிருந்தோ வந்தவர்கள் ஆடினார்கள். கடைசியில் கம்பெனி மேனேஜர் தினகர் வந்து, அடுத்த பருவத்திலிருந்து டீம் கீழே சமவெளியில்தான் ஆடும் என்றான். நீயும் உன் கூட்டாளிகளும் கல் பொறுக்கி, மேடு வெட்டி உண்டாக்கிய மைதானத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போடுவார்களாம்.

ஆனால் ஊர் வாயே திறக்கவில்லை அண்ணா! பெருமாளைப் பிடித்து உலுக்கினேன்.

"வெத்தல வாங்கிட்டோமே மல்லிகா, இன்னா பண்றது? குடுத்த வாக்கு குடுத்ததுதான். நீதான் வாங்கல, நீ கத்து" என்றான்.

கத்தினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒற்றை ஆளாகப் போய் "எங்க டீம வுட்டுட்டுப் போ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு நாள் வந்திருந்த முதலாளி, நான் டீமை உற்சாகப்படுத்துவதாக நினைத்து எனக்குக் கையாட்டினார்.

வழி காட்டியது அண்ணிதான். உன் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீடு சரியில்லை என்று தெரிந்து, போன மாதம் சம்பந்தத்தை முறித்தார். நம் வழக்கப்படி பாக்கு வைக்காமல், வெற்றிலையைக் குப்புற வைத்துத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் அதைக் கையில் எடுத்ததும் பேச்சு முடிந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணுக்குக் குடுத்த வாக்கையே திருப்பலாம்னா, பந்துக்குக் குடுத்தத திருப்பக் கூடாதா?"

இத்தனை நாள் இது எவர் மண்டையிலும் ஏறவில்லையே! கல்யாணத்துக்கு மட்டும்தான் அந்த வழக்கம் என்று இருந்துவிட்டோம்.

போன ஞாயிறு ஆட்டம். முதலாளியும் வந்திருந்தார். ஆட்டக்காரர்கள் இறங்குமுன் வீட்டுக்கு ஒருவராகப் போய், நடுக்கோடு நெடுக வெற்றிலையைக் குப்புற வைத்துவிட்டு வந்தார்கள். பாக்கு கிடையாது, பேச்சும் கிடையாது. நான் வாங்காதவள் என்பதால் ஓரமாக நின்றேன். நம் டீம் வந்தது, கோட்டருகே நின்றது. வாணியம்பாடிப் பக்கத்து எதிர் டீமும் நின்றது. வெற்றிலையை மிதித்து யார் ஆடுவார்கள்? நடுவர் விசிலை வாயில் வைத்தபடி வெறுமனே நின்றார்.

அப்புறப்படுத்தச் சொன்னார் முதலாளி. ஒருவரும் குனியவில்லை. தினகருக்கு அம்மா ஊர் மலையடிவாரத்து ஆலங்காயம். நம் முறை தெரியாவிட்டாலும் வெற்றிலை என்றால் அவனுக்கும் பயம் உண்டு. அவன் கை பேண்ட் பையை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் முதலாளியே சிரித்துக்கொண்டு குனிந்தார். ஓர் இலை விடாமல் தன் கையாலேயே பொறுக்கி எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துத் தலை வணங்கினார்.

"எடுத்துட்டான்! வாக்கு தீந்துச்சு! எங்க டீம குட்றா!" என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? பெருமாள்! அடுத்த நொடி மைதானமே கத்தியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஒற்றையாகக் கத்திக் கத்தி நான் எவ்வளவு அலுத்துப்போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வெற்றிலை கோர்ட்டில் செல்லாது, எனக்கும் தெரியும். கையெழுத்தும் முத்திரையும் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஆனால் ஊருக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு தினகர் என்னிடம் வந்தான். முகம் செத்திருந்தது.

"அக்கா, வெத்தல குடுத்தா ஊரே கட்டுப்படும்னு உங்க அண்ணன்தான் எங்களாண்ட சொன்னாரு. திருப்பித் தர்ற பழக்கமும் கீதுன்னு அவுரு சொல்லவே இல்லியே அக்கா" என்றான்.

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்ட எனக்கு உன் ஞாபகம் மட்டும் வரவில்லையே! நீ படுத்திருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. கேட்டதற்கு, தேன் விசாரிக்க வந்தார்கள் என்றாய். இப்போது அண்ணியைக் கேட்டேன்.

"ரெண்டு தபா வந்தாங்க. அவுங்க போனதும் உங்கண்ணன் தனியா சிரிச்சிக்கினு இருந்தாரு. இன்னான்னு கேட்டா சொல்லல" என்கிறார்.

எதற்குச் சிரித்தாய் அண்ணா? புல் தரை, பெரிய விளக்கு என்று அவர்கள் காட்டிய ஆசையில் மயங்கி ஊரைக் காட்டிக் கொடுத்துவிட்டாயா? இல்லை, எப்படியும் வந்துவிடுவார்கள் என்று தெரிந்து, பாதி முறையைச் சொல்லி மீதியை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டாயா? அப்படியென்றால் என் காதிலாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே? தேன் என்று என்னிடம் எதற்குப் பொய்?

பெருமாளிடம் இதைச் சொல்லவில்லை. எவரிடமும் சொல்ல மாட்டேன். நாளைக் காலை வரும் முதல் பஸ்ஸில் ஊரே கீழே இறங்கி, அதிகாரிகள் முன்னால் உட்காரப் போகிறோம். டீம் மலையிலேயே இருக்கும் என்ற உத்தரவில்லாமல் திரும்ப மாட்டோம். நீ எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் சரி, உன் டீமை நான் இந்த மலையை விட்டு இறங்க விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

எவரையும் நம்பாத, உன்னை மட்டும் நம்பியிருந்த,
உன் தங்கச்சி
மல்லிகா