மூன்றாவது வருடக் காப்பு

திருமங்கலம்
25.3.2004

அன்பு மகள் நாகஜோதிக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமா என்று கேட்டால் பாதி சுகம் என்றுதான் சொல்வேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம்.

இரண்டு வருடம் முன்பு நீ மஞ்சள்காமாலையில் கிடந்தபோது மாரியம்மனுக்கு மூன்று வருடம் பூக்குழி இறங்குவதாக அப்பா வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். போன வருடம் எல்லோரும் விறுவிறுவென்று நெருப்பைக் கடக்க, இவர் மட்டும் வரப்பில் போவதுபோல நிதானமாக நடந்தார். சூடே தெரியவில்லை என்றார். ஆத்தா நெருப்பைப் பூவாக்கிவிட்டாள் என்று ஊரே கும்பிட்டது, நானும் கும்பிட்டேன். எட்டு நாள் கழித்துப் பாயில் ஈரக்கறையைப் பார்த்துத்தான் பாதத்தில் புண் இருப்பதே தெரிந்தது. ஆற ஐந்து மாதமானது. உன்னிடம் செருப்பு கடித்தது என்று சொல்லிவிட்டோம்.

மாசியில் அதே இடம் மறுபடி திறந்துகொண்டது. தல்லாகுளத்தில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். எல்லாம் முடிந்த பிறகு அப்பா, "எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன், எப்பத் தொடுவீக டாக்டர்?" என்கிறார். காலில் நாடி நன்றாக அடிக்கிறது, ஆனால் தோலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அதனால்தான் புண் ஆறுவதில்லை என்றார் டாக்டர். கண்மாய் நிறைந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதானே என்று அப்பா கேட்டுக்கொண்டார். விவரம் புரியாமல் இல்லை. இன்னொருமுறை நெருப்பில் பட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதும் புரிந்தது. ஆனாலும் வரும் வழியில் பஸ்ஸில், "மூணாவது வருசம் ஏமாத்துனா அது எம்பிள்ள தலையில விடியும்" என்றுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு போய்ப் பூசாரி மொக்கைச்சாமி அண்ணனிடம் கையை நீட்டினேன். ஒரு வேண்டுதலுக்கு ஒரு காப்புத்தான், உனக்குக் கட்டினால் அவனுக்குக் கட்ட முடியாது என்றார். "தெரிஞ்சுதாண்ணே நீட்டுறேன்" என்றேன். அவன் என்னையல்லவா வைவான் என்று முனகிக்கொண்டே கட்டினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் கையைப் பார்த்தார். "என்னைய நொண்டின்னு ஊருக்குச் சொல்லிட்டு வந்துட்டியா?" அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கும் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் என் காலுக்குச் சூடு தெரியும், நெருப்பில் நிற்க மாட்டேன்.

நீ பேசும்போது அம்மா செய்தது சரி என்று அவரிடம் சொல்லாதே. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு. நீயும் வருடம் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள், நம் வீட்டு ரத்தம். வெறுங்காலோடு நடக்காதே.

இதுவரை புண்ணை எனக்குக் காட்டாமல் தானே துணி சுற்றிக்கொள்வார். இன்று காலை பஞ்சும் மருந்தும் எடுத்து வைத்தேன். வந்து உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கட்டக்கூடிய புண் இல்லை, பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன்.

மாரியம்மன் உன்னை நோய்நொடியின்றி வைக்கட்டும். பூக்குழி வருகிற செவ்வாய். நீ தடுத்துவிடுவாய் என்பதால் இதைத் திங்கட்கிழமைதான் தபாலில் போடுவேன்.

உன் அம்மா
மாயக்காள்