உறை உன்னிடம், தட்டு என்னிடம்

உன் பீரோவிலிருந்து நான் இசைத்தட்டுகளைத் திருடவில்லை. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள். உன் நாற்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்குப் போன உன் மகள் சில்வி, உன் பீரோவைத் திறந்து பார்த்தாளாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஜாஸ் தட்டுகளின் அட்டை உறைகள் வரிசையாக இருந்தனவாம். ஒன்றிலும் தட்டு இல்லை. கடைசி மாதங்களில் தினமும் உன் அறைக்கு வந்துபோனவள் நான் ஒருத்திதான். மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

எனக்கு இதைச் சொன்னவர், முப்பது வருடமாக என் பிளேயரைப் பழுது பார்க்கும் பாய். நேற்று ஊசி மாற்ற வந்திருந்தார்.

"மதாம், தட்டெல்லாம் நீங்க தூக்கிட்டீங்களாம். கோயில் வாசல்ல பேசிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"சிரிச்சுட்டு என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது மதாம்? உங்க ரெண்டு பேரு கணக்கு எனக்கே புரிஞ்சதில்ல."

அவர் போனதும் புது ஊசியைச் சோதிக்க ஒரு தட்டை எடுத்தேன். வெள்ளைக் காகிதப் பையிலிருந்து கடல் காற்றில் ஊறிய புளித்த வாசனை வந்தது. தட்டை விளக்கருகே சாய்த்துப் பார்த்தேன். கீறல் இல்லை. சுழலவிட்டுவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்தேன். அதில் உட்கார்ந்துதான் நீ உறையைப் படிப்பாய்.

நம் கணக்கு எளிமையானதுதான். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்த உன் அண்ணன், முதல் தட்டை மேசைமேல் வைத்து, "ரெண்டு பேருக்கும் சேத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் வீட்டில் வைப்பது என்று நாம் அரை மணி நேரம் சண்டை போட்டோம். கான்வென்ட் பெண்களுக்கு அழகில்லாத சண்டை. முடிவை நீதான் சொன்னாய்.

"நீ தட்ட எடுத்துக்கோ. நான் பொஷெத்த, இந்த அட்டை உறைய, எடுத்துக்கறேன். அப்பத்தான் என்னை விட்டுட்டுத் தனியா கேக்க மாட்டே."

"உறை இல்லாமலும் தட்டு பாடும்டி."

"பாடும். யாரு வாசிக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதே."

அது உண்மை. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தில் குழுத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். பாஸ் வாசிப்பது யார், டிரம்ஸ் அடிப்பது யார் என்பதெல்லாம் உறையின் பின்பக்கத்தில் இருக்கும். அன்றிலிருந்து எந்தத் தட்டு வந்தாலும் அப்படியே பிரித்தோம். பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது விட்டுச் சென்றவற்றையும்தான்.

புதன்கிழமை மூன்று மணிக்கு நீ ஒரு உறையுடன் வருவாய். என் கணவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். இந்த இசையை அவர் பாத்திரக்கடை என்பார். எங்கள் மாடியில் மரத்தளம். நீ காலால் தாளம் போட்டால் ஊசி துள்ளும். "காலைத் தூக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நீ பள்ளிக்கூடப் பிள்ளை போல நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவாய். பிறகு தலையால் தாளம் போடுவாய். அதை நான் தடுக்கவில்லை. இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் பெயர்களை வாசிக்க உனக்கு அனுமதி. நீ தப்பாக உச்சரிப்பாய், நான் திருத்துவேன். கடைசியில் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதி என்னிடம் நீட்டுவாய். ஒன்று நினைவிருக்கிறது: "அவளுக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லை. தட்டு அவளிடம், நியாயம் என்னிடம்."

கடைசி வருடம் உனக்குக் காது போய்விட்டது. அப்போதும் புதன்கிழமை வந்தாய். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். பாஸின் கனத்த ஒலி வரும் இடங்களில் உன் விரல்கள் சற்று விரியும். நீ கடைசியாக வந்த நாளில் படி இறங்கவே சிரமப்பட்டாய். உறையை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒழுங்கு ஒழுங்குதான் என்று நினைத்தேன். நீ அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாய்.

சில்வி என் வீட்டுக்கும் வந்தாள். பத்து வயதில் பிரான்சுக்குப் படிக்கப் போனவள், நம் புதன்கிழமைகளைப் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னை அத்தை என்று பிரெஞ்சில்தான் கூப்பிடுவாள்.

"தாந்த், அம்மாவோட தட்டெல்லாம் எங்க?"

"இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான்."

ஒரு நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் முடிந்திருக்கும். என் வீட்டுக்குள் நின்றுகொண்டு என்னிடம் அப்படிக் கேட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்குப் போனவள் திரும்பி, படங்கள் நன்றாக இருப்பதால் உறைகளைச் சட்டம் போட்டுத் தன் விருந்தினர் விடுதியின் சுவர்களில் மாட்டப் போவதாகச் சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. தவறு என்னுடையது. சட்டம் போட்டால் உன் பென்சில் வரிகளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நேற்று அந்தத் தட்டைக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. வாசிக்கிறவர்களின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன, ஆனால் நான் திருத்திய விதத்தில் இல்லை. நீ உச்சரித்த விதத்தில்தான் வருகின்றன. இனி அவற்றை நான் திருத்தப் போவதில்லை.

இந்த மடலின் பிரதியைச் சில்விக்கு அனுப்புகிறேன். இதற்குமேல் எழுதுவது அவளுக்கு.

சில்வி, சட்டம் போடுவதற்கு முன் ஒரு உறையையாவது திருப்பி, உன் அம்மாவின் கையெழுத்தைப் படி. பிறகு உறைகளை என்னிடம் கொடு. மனமில்லையென்றால் தட்டுகள் அனைத்தையும் நீ எடுத்துக்கொள், நானே துடைத்து அடுக்கித் தருகிறேன். அவை இனிமேலாவது ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அது யார் வீடு என்பதை நீ முடிவு செய். ஃபோன் செய்யாதே. தமிழிலோ பிரெஞ்சிலோ, பதிலை எழுதி அனுப்பு.